சுவர்க்காரி நிறுத்திய ஆட்கள்

தோளை ஒடுக்கிக்கொள்கிறாள். உட்கார்ந்திருப்பது நாற்காலியில், முன்னால் கணினித் திரை, பக்கத்தில் இடிபட ஒன்றும் இல்லை. ஆனாலும் திரைக்குள் இருக்கும் வீட்டின் குறுகலான நடையில் நுழையும்போது அவளுடைய வலது தோள் தானாக உள்ளே போகும். மாடிப்படிக்குக் கீழே போனால் தலை குனியும். குளியலறைக்குள் போனால் வயிற்றை எக்கிக்கொள்வாள். "இங்க கொஞ்சம் சதை போட்டவங்க வந்தா கதவைச் சாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். எனக்கு எதற்கு அந்தப் பார்வை? நான் ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பவள்.

என் தங்கை மகள் அவள். தங்கைக்கு மூன்று பெண்கள். மூத்தவள் பேசியே காரியம் சாதிப்பாள், கடைக்குட்டி அழுதே சாதிப்பாள். நடுவில் பிறந்த இவள் வாயைத் திறக்காமல் அளந்துகொண்டே இருப்பாள். குடும்பத்தில் இவளுக்குப் பெயர் சுவர்க்காரி. தாளில் படுத்துக் கிடக்கும் வீட்டை எழுப்பி நிற்க வைப்பதுதான் இவள் பிழைப்பு.

இன்ஜினியர் அனுப்புவது வெறும் கோடுகள். கூரையைப் பிய்த்துவிட்டு மேலே பறக்கிற காக்கை பார்த்தால் வீடு எப்படித் தெரியுமோ அப்படி. அதன் மேல் எண்களும் அம்புக்குறிகளும் எறும்பு மாதிரி மொய்த்துக் கிடக்கும். "முதல்ல குப்பை பொறுக்கணும் பெரியம்மா" என்று அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவாள். பிறகு மூலைகளைப் பார்ப்பாள். இரண்டு கோடுகள் சேர்கிற இடம் நம் கண்ணுக்கு ஒட்டித்தான் இருக்கும். பெரிதாக்கிக் காட்டினால் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம். அது இருந்தால் சுவர் எழும்பாதாம். "பார்க்க ஒட்டியிருக்கும். உள்ளுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. நம்ம சொந்தக்காரங்க மாதிரி" என்பாள். அந்த இடைவெளிகளை அடைத்துவிட்டு, கோட்டின் மேல் மௌஸை வைத்து, "ஏய், எழுந்திரு" என்பாள். சுவர் எழுந்திருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஆயிரம் தடவை பார்த்துவிட்டேன். அந்த ஒரு நொடியில் இன்னும் எனக்கு வாய் பிளந்துதான் போகிறது.

அளக்கும் நாடா இல்லாமல் வெளியே கிளம்பமாட்டாள். பேருந்துப் படியை அளப்பாள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்தவள், காய்ச்சல் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் கட்டில் எத்தனை உயரம் என்று பார்த்தாள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பாள், அப்புறம்தான் மனிதர்களை. "என்னை முதன்முதலா பார்த்தப்போ இவ என் முகத்தைப் பார்க்கல. என் தலைக்கும் வாசல் நிலைக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு பார்த்தா" என்று அவள் கணவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அவளுக்கும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. இவள் எழுப்பிய வீடு இன்னொருவனிடம் போகும். அவன் அதற்கு வெயில் பூசுவான், மரம் நடுவான், மேலே நீலமாக வானம் மாட்டுவான். பார்த்தவர்கள் எல்லாரும், "ஆகா, என்ன படம்!" என்பார்கள். அவனுக்கு இவள் வைத்திருக்கும் பெயர் வானத்துக்காரன். "சுவர், கதவு, ஜன்னல், படி எல்லாம் நான் வைக்கிறேன். அவன் வைக்கிறது வானம் ஒண்ணுதான். கைதட்டு மட்டும் வானத்துக்கு!" என்று டீயை ஆறவைத்துக் குடிப்பாள். சூடான டீ குடித்து நான் அவளைப் பார்த்ததில்லை.

இப்போது ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். எழுப்பிய வீட்டில் ஆள் நிறுத்திப் பார்க்க வேண்டும், அப்போதுதான் எது உயரம் எது குறுகல் என்று தெரியும். அதற்கென்று கணினியிலேயே ஒரு மனிதன் இருந்தான். கையில் பை, முகத்தில் ஒன்றும் இல்லை. இவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. "யாருன்னே தெரியாதவனை எப்படி பெரியம்மா வீட்டுக்குள்ள விடுறது?" என்று விரட்டிவிட்டாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரு வீட்டில் கூடியிருந்த நாளில், ஒவ்வொருவராக நடு அறையில் நிற்கச் சொல்லி, சுற்றிச் சுற்றி வந்து கைப்பேசியில் படம் எடுத்தாள். "நீங்க குதிகாலைத் தூக்கி எட்டி ஒண்ணைப் பிடிக்கிற மாதிரி நில்லுங்க", "நீங்க எப்பவும் நிக்கிற மாதிரி இடுப்புல கை வச்சு நில்லுங்க" என்று ஆளுக்கு ஒரு நிலை. விளையாட்டு என்று நினைத்து நாங்களும் நின்றோம். ஒரு மாதம் கழித்து நாங்கள் எல்லாரும் கணினிக்குள் இருந்தோம், முன்னும் பின்னும் முழுசாக.

அன்றைக்குப் பிடித்தது சனி. யாரைப் பார்த்தாலும், "நான் இப்போ எந்த வீட்டுல இருக்கேன்?" என்று கேள்வி. கணினி வீட்டில் என் தம்பிக்குக் கட்டில் கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அவன் மைத்துனன் பொறாமையில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நானும் ஒரு நாள் சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"உங்களை எல்லா வீட்டுலயும் வைக்கிறேன் பெரியம்மா. படிக்கட்டுல. நம்ம குடும்பத்துலயே நீங்கதான் உசரம். தலை இடிக்குதான்னு பார்ப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எடுத்துடுவேன்."

எத்தனை வீட்டில் குடியேறி எத்தனை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டேனோ! சரி, மற்றவர்கள் எதற்கு அங்கங்கே நிற்கிறார்கள் என்று துருவினேன். அன்றைக்கு அவள் நல்ல மனநிலையில் இருந்தாள், சொல்லிவிட்டாள். தம்பி காலை நீட்டிப் படுப்பவன், அதனால் கட்டில். அவள் நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, ஆள் குள்ளம். அதனால் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டி. அந்த அம்மாளுக்குக் குழாய் எட்டினால் உலகத்தில் யாருக்கும் எட்டும். அவள் ஓரகத்தி, அதாவது கணவனின் அண்ணன் மனைவி, பால்கனியில்.

"அவ எதுக்குப் பால்கனியில?"

சுவர்க்காரி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "அக்கா இடுப்புல கை வச்சுக்கிட்டுத் திரும்ப முடிஞ்சா, அந்தப் பால்கனி போதும்."

நான் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. "வெளியில வாயைத் திறந்தீங்க, அடுத்த வீட்டுல உங்களைப் பரண் மேல ஏத்திடுவேன்" என்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நாத்தனாருக்கும் ஓரகத்திக்கும் உள்ள கதை பழையது. ஓரகத்தி மருமகளாக வந்த புதிதில் குடும்பமாகப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுப்பவர், "புதுப் பொண்ணு நடுவுல வாம்மா" என்றார். அவள் நடுவில் நின்றாள். அந்த வயதிலேயே அவள் ஒருத்தி நின்றால் இரண்டு பேர் நின்ற மாதிரி. நாத்தனாருக்கு அந்தப் படத்தில் ஒரு காதும் அரைக் கன்னமும்தான் கிடைத்தன. படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நாத்தனார் அந்தச் சுவர்ப் பக்கம் முகம் திருப்பி உட்காரமாட்டாள். நாத்தனார் ஒரு புதுத் திரைச்சீலை வாங்கினால் ஓரகத்தி வீட்டு ஜன்னலுக்குக் காய்ச்சல் வரும், ஓரகத்திக்கு ஒரு பேரக்குழந்தை பிறந்தால் நாத்தனார், "எடை எவ்வளவாம்?" என்று கேட்பாள்.

இதில் சுவர்க்காரியின் பாடுதான் திண்டாட்டம். அவள் வேலை செய்யும் அறை நாத்தனாருடைய வீட்டின் மொட்டை மாடியில் இருக்கிறது. அவளுடைய சொந்தக் குடித்தனம் ஒன்றரை அறை. அங்கே கட்டிலைப் போட்டால் மேசை இல்லை, மேசையைப் போட்டால் கட்டில் இல்லை. வேறு இடம் பிடிக்கக் கைக்கும் வாய்க்குமான பிழைப்பில் வழி இல்லை. பழைய சாமான் போட்டு வைத்திருந்த அந்த மாடி அறையை நாத்தனார் வாடகை கேட்காமல் கொடுத்தாள். இவளும் யாரும் கேட்காமலே, மத்தியானம் கீழே இறங்கி அந்த வீட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு மேலே வருவாள். இந்தப் பக்கம் நன்றி சொன்னதில்லை; அந்தப் பக்கம் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த அறை போனால் வேலை போயிற்று.

போன மாதம் ஒரு தவறு நடந்தது. வீட்டின் பக்கச் சுவரை உரித்துவிட்டு உள்ளே உள்ள அறைகள் எல்லாம் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் கேட்டிருந்தார்கள். சுவர்க்காரியிடம் எப்போதும் இரண்டு ஃபைல் இருக்கும். எங்களை நிறுத்திப் பார்க்கிற ஃபைல் ஒன்று, எங்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு அனுப்புகிற ஃபைல் ஒன்று. அவசரத்தில் முதலாவதை அனுப்பிவிட்டாள். வானத்துக்காரன் யார் என்ன என்று கேட்கவில்லை. எங்கள் எல்லார் மேலும் வெயில் பூசிவிட்டான். அதை அச்சடித்து, கட்டடம் எழும்புகிற தெருமுனையில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு மாடி உயரத்துக்குப் பதாகை கட்டிவிட்டார்கள். இன்ஜினியருக்கு விஷயம் தெரிந்து, "யாரும்மா இவங்கல்லாம்? போற வர்றவன் நின்னு பார்க்கிறான். அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

நானும் போய்ப் பார்த்தேன். பால்கனியில் ஓரகத்தி, இடுப்பில் கை வைத்து, மாலை வெயிலில் மகாராணி மாதிரி நிற்கிறாள். கீழே சமையலறைத் தொட்டியில் நாத்தனார், குதிகாலைத் தூக்கிக்கொண்டு குழாயை எட்டிப் பிடிக்கிறாள். நான்? படிக்கட்டில் நின்றவளை மேல்தளம் மறைத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிந்தது. படம் எடுத்த அன்றைக்குக் கழற்ற மறந்த, வார் அறுந்து நூல் போட்டுத் தைத்த என் செருப்பு தையல்கூடத் தெரியும்படி பளிச்சென்று இருந்தது. முகம் கிடைத்தவர்களை நினைத்து நெஞ்சில் கொள்ளிக்கட்டை வைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் பேருந்துக்கு நின்றவரிடம், "அது என் கால்" என்றேன். அவர் இரண்டு எட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

ஓரகத்தி அன்றைக்கே நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. "சும்மா இந்தப் பக்கமா வந்தேன். பால்கனியில நிக்கிறேனாம், எல்லாரும் சொல்றாங்க. எனக்கு இந்த விளம்பரமெல்லாம் பிடிக்காது. சின்னவளுக்கு என் மேல அவ்வளவு மரியாதை" என்றாள். பிறகு சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "நீங்க கழுவிக்கிட்டு இருக்கீங்களோ? தொந்தரவு பண்ணல" என்று போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் மாடி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். நாத்தனார் படியேறி வருகிற சத்தம் கேட்கிறது. சின்ன உடம்புதான், ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு படியும் அதிர்ந்தது. சுவர்க்காரி எழுந்து நின்றாள்.

"உட்காரு. நின்னா நான் இன்னும் குள்ளமாத் தெரிவேன்" என்றாள் நாத்தனார். "ஒண்ணு கேட்கிறேன், நேராப் பதில் சொல்லு. தினம் கீழ நீ கழுவுறே. அதுக்குப் பழி வாங்கத்தானே என்னைத் தொட்டியில நிறுத்தி ஊருக்குக் காட்டினே?"

"ஐயோ இல்ல அண்ணி. தப்பான ஃபைல் போயிடுச்சு. குழாய் எட்டுதான்னு பார்க்கத்தான் உங்களை அங்க வச்சேன். உங்களுக்கு எட்டலைன்னு அந்த மேடையவே இறக்கினேன்."

"ஓகோ. அப்போ நான் குள்ளச்சின்னு காட்டினியா?"

உண்மையைச் சொன்னாலும் உதை விழுகிறதே என்று சுவர்க்காரியின் முகத்தில் எழுதியிருந்தது. பழி வாங்கவில்லை என்று அவள் சொன்னபோது, பாத்திரம் கழுவிக் கழுவி வெளுத்த தன் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். நாத்தனாரும் பார்த்தாள்.

"சரி, என்னை விடு. அவளை எதுக்குப் பால்கனியில வச்சே?"

சுவர்க்காரி அளக்கும் நாடாவை இழுத்து இழுத்து விட்டாள்.

"அவ உனக்கு என்ன செஞ்சா? ரூம் குடுத்தது யாரு? நானா, அவளா?"

"நீங்கதான் அண்ணி."

"அப்போ அவளுக்கு வெயிலும் காத்தும், எனக்குச் சாக்கடைக் குழாயா? காரணத்தைச் சொல்லு. இல்லைன்னா ரூமைக் காலி பண்ணிக் குடு."

எனக்கு நாக்கு அரித்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அறை மிஞ்சும். ஆனால் அந்த வார்த்தை விளக்கு வைப்பதற்குள் ஓரகத்தி காதுக்குப் போகும். அப்புறம் சுவர்க்காரிக்கு அந்த வீட்டு வாசல் கிடையாது. அவள் என்னைப் பார்த்தாள். பரண் ஞாபகம் வந்தது. நான் கூரையைப் பார்த்தேன். அந்த அறையில் கூரை பக்கத்திலேயே இருப்பதால் பார்ப்பது சுலபம்.

"தோணிச்சு, வச்சேன் அண்ணி" என்றாள் சுவர்க்காரி. "தப்புத்தான். சாயங்காலத்துக்குள்ள மேசையை எடுத்துடுறேன்." சொல்லிவிட்டு, கணினியின் கம்பியைப் பிடுங்கக் குனிந்தாள்.

நாத்தனார் இதை எதிர்பார்க்கவில்லை. காலி பண்ணு என்று சொல்பவர்களுக்கு, எதிராளி கொஞ்ச நேரமாவது கெஞ்ச வேண்டும் என்று இருக்கும். "இரு, இரு. போறதுக்கு முன்னால ஒரு வேலை பண்ணு. என்னையும் அங்க கொண்டுபோய் வை. அவ பக்கத்துல. என் கண்ணால ஒரு தடவை பார்த்துடறேன்."

"அங்க இடம் இல்ல அண்ணி."

"அவளுக்கு இருக்கு, எனக்கு இல்லையா? நான் அவள்ல பாதிகூட இல்லடி!"

"வேணாம் அண்ணி, சொன்னாக் கேளுங்க."

"வைடீ!"

சுவர்க்காரி உட்கார்ந்தாள். தொட்டியிலிருந்து நாத்தனாரைப் பிடித்துத் தூக்கினாள். அந்தச் சின்ன உருவம் கையை நீட்டியபடியே, குதிகாலைத் தூக்கியபடியே, சமையலறையை விட்டுக் கிளம்பி, கூடத்தின் வழியாக, என் கால்களைத் தாண்டி, பால்கனிக்குப் போய்ச் சேர்ந்தது. எதிரே இருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள். நாத்தனார் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"இப்போ மேல இருந்து காட்டு. அவ எனக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கான்னு பார்க்கணும்."

சுவர்க்காரியின் கை மௌஸிலேயே நின்றுவிட்டது. நாத்தனார் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, தானே இழுத்தாள். வீடு மெல்லத் திரும்பியது. மேலேயிருந்து தெரிந்தது இதுதான்: நாத்தனார் கைப்பிடிச் சுவருக்கு வெளியே, அந்தரத்தில் நிற்கிறாள். ஓரகத்தியின் ஒரு முழங்கை வீட்டுச் சுவரைத் தொடுகிறது, மறு முழங்கை கைப்பிடியைத் தொடுகிறது. நடுவில் ஒரு நூல் போகாது.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இவ முழங்கை எதுக்கு ரெண்டு பக்கமும் முட்டுது?"

சுவர்க்காரி விசைப்பலகையில் தூசு இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். நான் கூரையை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். பிறகு அந்த அம்மாளின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அளவா?" என்றாள். மூச்சு வாங்கியது. "அளவுக்கா நிறுத்தினே? அடிப்பாவி! எனக்குக் குழாய், அவளுக்கு… அவளுக்குப் பால்கனி முழுசும்!" நிமிர்ந்து நின்று சிரித்தாள், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கடைசியில் என் மடியில் உட்காராத குறை. அந்தப் படத்தில் அரைக் கன்னம் கிடைத்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த சிரிப்பு அத்தனையும் அன்றைக்குத்தான் வெளியே வந்திருக்க வேண்டும்.

சுவர்க்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, ரூமை வேணா எடுத்துக்கோங்க. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், நாலு பேர்கிட்ட சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருக்காங்க."

"ரூமை எடுத்துட்டா இந்தப் படத்தை நான் எங்க வந்து பார்க்கிறது?" என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு நாற்காலி போட்டு வை. தினம் ஒரு தடவை வருவேன். மேல இருந்து காட்டணும்."

அப்படியே வருகிறாள். மத்தியானம் பாத்திரங்களைத் தானே கழுவிவிட்டு வருகிறாள். சுவர்க்காரி கீழே இறங்கினால் பார்க்கிற நேரம் குறையுமாம். என் நாற்காலிதான் போயிற்று. நான் இப்போது சுவரோரம் ஒரு முக்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறக்காமல் இருந்தவளுக்கு முக்காலி, வாயைத் திறந்து சண்டை போட்டவளுக்கு நாற்காலி.

நேற்று புது வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றுவிட்டோம். ஓரகத்தியின் இரண்டு முழங்கையும் இந்தப் பால்கனியிலும் முட்டிக்கொண்டுதான் இருந்தன. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது, அவள்தான். சுவர்க்காரி அதை மேசை மேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"ஏண்டி, அடுத்த வீட்டுக்கும் படம் போடுறியாமே. கேட்கணும்னு இல்ல, சும்மாத்தான் கேட்கிறேன். அதுலயும் எனக்குப் பால்கனிதானே?"

நாத்தனார் துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இல்லாத பால்கனியா அக்கா?" என்றாள் சுவர்க்காரி. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. சொல்லிக்கொண்டே, திரையில் இருந்த கைப்பிடிச் சுவரை மௌஸால் பிடித்தாள். ஓரகத்தியின் முழங்கைக்கும் அதற்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறவரை, மெதுவாக, வெளியே இழுத்தாள்.